புலி போய் லாரி வந்தது

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் இயந்திரம் யாரையும் வியக்க வைப்பதில்லை. லேத் பட்டறை, டை செய்யும் கூடம், பவுடர் கோட்டிங் ஷெட் என்று தெருவுக்குத் தெரு ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். நின்றுபோனால் பிரித்துப் போட்டு, துடைத்து, தேய்ந்த பாகத்தை மாற்றி மறுபடி பூட்டுவார்கள். அங்கிருந்து கிழக்கே சில கிலோமீட்டரில், ஜாலஹள்ளியில், 1954இல் தொடங்கப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் இருக்கிறது. எஸ். ரங்கராஜன் என்ற பொறியாளர் அங்கே பல ஆண்டுகள் வேலை பார்த்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பையும் தயாரிப்பையும் மேற்பார்வையிட்ட பெரும் பொறுப்பு அவருடையது. வேலை நேரம் போக எழுதினார். தமிழ் வாசகருக்கு அவர் சுஜாதா.

குமுதத்திலும் ஆனந்த விகடனிலும் அவருடைய தொடர்கதைகள் வந்துகொண்டிருந்தபோதே கோடம்பாக்கம் அவற்றைத் தேடி வந்தது. 1977இல் ‘காயத்ரி’, 1978இல் ‘இது எப்படி இருக்கு’, அதே ஆண்டின் கடைசியில் ‘ப்ரியா’, 1981இல் ‘கரையெல்லாம் செண்பகப்பூ’. இவற்றில் இரண்டாவது படத்தைப் பார்த்தால், மாற்றம் தலைப்பிலேயே தொடங்கிவிடுவது தெரியும். நாவலின் பெயர் ‘அனிதா இளம் மனைவி’. படத்தின் பெயரோ, முந்தைய ஆண்டு ‘16 வயதினிலே’யில் பரட்டையாக வந்த ரஜினிகாந்த் சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் பரவிய வசனம். ரஜினி இல்லாத படத்துக்கு ரஜினியின் வசனம் பெயரானது. கதையைக் கையில் வாங்கியவர்கள், கதைக்கு வெளியே மக்கள் ஏற்கெனவே நேசித்துக்கொண்டிருந்த ஒன்றைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தார்கள். நாவல்கள் திரைக்குப் போகும்போது நடக்கும் மாற்றங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே காரியத்தின் வெவ்வேறு வடிவங்கள்தான்.

‘ப்ரியா’ இதைத் தெளிவாகக் காட்டும். 1968இல் ‘நைலான் கயிறு’ நாவலில் அறிமுகமான வக்கீல் கணேஷ், சுஜாதாவின் கதைகளில் நிதானத்தின் உருவம். பேச்சு குறைவு, கவனிப்பு அதிகம். பிற்பாடு வந்து சேர்ந்த ஜூனியர் வசந்தின் குறும்பும் பெண்கள்மேல் அவனுக்குள்ள சபலமும் கணேஷின் அடக்கத்தை இன்னும் எடுத்துக்காட்டின. பத்திரிகையில் ஓவியர் ஜெயராஜின் கோடுகள் அவனுக்கு ஒரு முகம் தந்திருந்தாலும், அவன் குரலையும் நடையையும் ஒவ்வொரு வாசகரும் தனக்குத் தோன்றியபடி வைத்துக்கொண்டார். ‘ப்ரியா’ நாவலில் இந்தக் கணேஷ் ஒரு நடிகையின் விவகாரத்துக்காக லண்டன் போகிறான். எஸ்.பி. முத்துராமன் இயக்கிய படத்தில் லண்டன் சிங்கப்பூராகிவிட்டது. கணேஷ் ரஜினிகாந்த் ஆனார். கணேஷுக்குக் காதல் வந்தது, பாட்டு வந்தது, இளையராஜாவின் இசையில் வெளிநாட்டுத் தெருக்களில் பாடிக்கொண்டே நடந்தார். துப்பறியும் மூளை இருந்த இடத்தில் ஒரு நட்சத்திரத்தின் உடம்பு வந்து நின்றது.

இதில் கவனிக்க வேண்டியது ரஜினி முந்தைய ஆண்டு எங்கே இருந்தார் என்பது. ‘காயத்ரி’யில் ஜெய்சங்கர்தான் கணேஷ். ரஜினியோ மனைவியை ஏமாற்றி ரகசியமாகப் படம் பிடித்து விற்கும் கணவன். இரண்டு படங்களிலும் ஸ்ரீதேவிதான் ஆபத்தில் இருக்கும் பெண். முதல் படத்தில் ஆபத்தாக இருந்த நடிகர் இரண்டாவதில் காப்பாற்ற வருகிறார். எழுத்தாளர் அவரேதான், நடிகரும் அவரேதான். இடையில் மாறியது பார்வையாளரின் அன்பு. ‘பைரவி’யும் ‘முள்ளும் மலரும்’ படமும் வந்த 1978இன் முடிவில் ரஜினியை வில்லனாக வைத்திருப்பது யாராலும் முடியாத காரியமாகிவிட்டது.

‘முள்ளும் மலரும்’ இங்கே தனியாகப் பேசப்பட வேண்டிய படம். உமா சந்திரனின் நாவலில் நாயகன் காளி தன் கையைப் புலியிடம் இழக்கிறான். இயக்குநர் மகேந்திரனின் திரைக்கதையில் புலி இல்லை. வேலையிலிருந்து சில நாள் நிறுத்தி வைக்கப்பட்ட ஆத்திரத்தில் குடித்துவிட்டு விழுந்து கிடக்கும் காளியின் கைமேல் லாரி ஏறிவிடுகிறது. கர்நாடகத்துச் சிருங்கேரியில் பாலு மகேந்திராவின் கேமரா பிடித்த அந்த மலைக்காட்டில் புலிக்கு இடமில்லாமல் இல்லை. ஆனாலும் லாரிதான் சரி. புலி அடித்தால் அது விதி, காளிமேல் பரிதாபம் மட்டும்தான் வரும். லாரி ஏறியதில் அவன் கோபத்துக்கும் குடிக்கும் பங்கிருக்கிறது. கை போன பிறகு அதிகாரியின்மேல் அவன் வளர்க்கும் வெறுப்புக்கும், தங்கையின் வாழ்க்கையில் போடும் முட்டுக்கட்டைக்கும் அந்த விபத்துதான் ஊற்று. ஒரு விலங்கை எடுத்துவிட்டு ஒரு மனிதனை ஆழப்படுத்திய மாற்றம் அது. தமிழ்த் திரையில் நாவலை மாற்றி எழுதியவற்றில் இதற்கு இணையாகச் சொல்ல அதிகம் இல்லை.

மறுபடி ‘ப்ரியா’வுக்கு வந்தால், அது தமிழிலும் கன்னடத்திலும் ஒரே சமயத்தில் எடுக்கப்பட்ட படம். அதில் ஸ்ரீதேவியின் காதலனாக வரும் அம்பரீஷ், கன்னடத் திரைக்கு அறிமுகமானது 1972இல் புட்டண்ண கணகாலின் ‘நாகரஹாவு’ படத்தில். கன்னட எழுத்தாளர் த.ரா.சு. எழுதிய மூன்று நாவல்களைச் சேர்த்து ஒரே படமாக்கினார் புட்டண்ணா. சித்ரதுர்க்கத்துக் கோட்டைப் பாறைகள்மேல் முறைத்தபடி நிற்கும் ராமாச்சாரியாக வந்த விஷ்ணுவர்தன் ஒரே படத்தில் நட்சத்திரமானார். கர்நாடகம் கொண்டாடியது, இன்றும் கொண்டாடுகிறது. த.ரா.சு. மட்டும் திருப்தியடையவில்லை. தான் எழுதிய நாகப்பாம்பைப் புட்டண்ணா சாரைப்பாம்பாக்கிவிட்டார் என்று அவர் சொன்னது கன்னட இலக்கிய உலகில் அன்று முதல் பேசப்படுகிறது.

எழுத்தாளரின் கோபம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது. நாகமும் சாரையும் தூரத்தில் ஒன்றுபோலத் தோன்றும், ஊர்க்காரரே சாரையை நாகம் என்று அடித்துவிடுவதுண்டு. வேறுபாடு விஷத்தில் இருக்கிறது. த.ரா.சு. சொன்னது அதைத்தான்: வடிவம் வந்திருக்கிறது, விஷம் வரவில்லை. மூன்று நாவல்களில் மெதுவாகச் சேரும் ஒரு முரட்டு மனத்தின் கசப்பு, பாட்டும் கண்ணீருமாக மூன்று மணி நேரத்துக்குள் அடங்கும்போது, பார்ப்பவர் ராமாச்சாரியைக் கண்டு அஞ்சுவதை விட்டு அவனுக்காக அழத் தொடங்குகிறார். படம் தமிழுக்கு வந்தபோது பெயர் ‘ராஜ நாகம்’ ஆனது. எழுத்தாளர் சாரை என்று குறைபட்ட பாம்பு, மாநில எல்லை தாண்டியதும் ராஜ நாகமாக வளர்ந்துவிட்டது.

உலகம் முழுக்கப் பார்த்த உயிரின மாற்றம் ஒன்றைப் புரிந்துகொள்ள இந்த உள்ளூர்ப் பாம்பு நல்ல வழிகாட்டி. மைக்கேல் கிரைட்டன் 1973இல் ‘வெஸ்ட்வேர்ல்ட்’ என்ற படத்தை எழுதி இயக்கினார். ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் மனித உருவ இயந்திரங்கள் கட்டுமீறி விருந்தினரைக் கொல்லும் கதை. 1990இல் அவர் எழுதிய ‘ஜுராசிக் பார்க்’ நாவலிலும் அதே பூங்காதான், இயந்திரங்களின் இடத்தில் டைனோசர்கள். நாவல் அச்சாகிக் கடைக்கு வருமுன்பே யுனிவர்சல் நிறுவனம் 15 லட்சம் டாலருக்கு உரிமையை வாங்கியது. 1993 ஜூனில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் படம் வெளியானது. திரைக்கதையில் கிரைட்டனின் பெயரும் உண்டு, டேவிட் கோப்பின் பெயரும் உண்டு. ஆகவே இங்கே நடந்த மாற்றங்களை எழுத்தாளருக்குத் தெரியாமல் நடந்த திருட்டு என்று சொல்ல வழியில்லை.

நாவலின் மிகப் பயங்கரமான காட்சியில் ஒரு டைனோசர்கூட இல்லை. பூங்காவின் கணினி, கேமராக்கள் வழியே விலங்குகளை நாள் முழுக்க எண்ணிக்கொண்டே இருக்கிறது. இருக்க வேண்டியவை 238, கணினியும் 238 என்றே காட்டுகிறது. எல்லாரும் நிம்மதியாக இருக்கிறார்கள். கணிதவியலாளர் இயன் மால்கம் மட்டும், தேட வேண்டிய எண்ணைக் கூட்டிப் போட்டுப் பாருங்கள் என்கிறார். எண்ணைக் கூட்டக் கூட்டக் கணினி மேலும் மேலும் விலங்குகளைக் கண்டுபிடித்து, கடைசியில் 292இல் நிற்கிறது. எட்டே இருக்க வேண்டிய ராப்டர் என்ற வேட்டை டைனோசர்கள் 37. குறைந்துவிடுமோ என்று மட்டுமே பயந்தவர்கள் எழுதிய நிரல், 238 கிடைத்ததும் எண்ணுவதை நிறுத்திவிடும். கூடியிருக்கலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு வரவேயில்லை. எண்ணும் இயந்திரம் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும் என்பது பீன்யாவில் தர ஆய்வு மேஜையில் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் நெஞ்சில் தைக்கும். வாக்கு எண்ணும் இயந்திரத்தோடு வாழ்ந்த ஜாலஹள்ளிப் பொறியாளருக்கும் தைத்திருக்கும்.

படத்தில் இந்தக் காட்சி இல்லை. அதற்குப் பதிலாகத் தொல்லுயிரியலாளர் ஆலன் கிராண்ட், பூங்கா முதலாளியின் பேரப் பிள்ளைகளோடு காட்டில் நடக்கும்போது மரத்தடியில் உடைந்த முட்டையோடுகளைக் காண்கிறார். பெண் விலங்குகள் மட்டுமே உள்ள தீவில் குஞ்சு பொரித்திருக்கிறது. ஒரு பக்கம் முழுக்க நீளும் அட்டவணை, உள்ளங்கையில் அடங்கும் ஓட்டுத் துண்டாகிறது. இது இழப்பா? இல்லை. எண்களால் வாசகருக்கு வந்த நடுக்கம், பார்வையாளருக்கு ஒரு ஈரமான ஓட்டினால் வருகிறது, பயத்தோடு கொஞ்சம் ஆனந்தமும் சேர்ந்துகொள்கிறது. டம்ளர் தண்ணீரில் வளையம் எழும் புகழ்பெற்ற காட்சியும் இப்படித்தான். காலடி அதிர்வை எத்தனை சொல்லால் எழுதினாலும் அந்த ஒரு வளையத்துக்கு ஈடாகாது.

உயிரினங்களின் உடம்பில் நடந்த மாற்றங்கள் வேறு வகை. திரையில் ஆள் உயரம் நிற்கும் வெலாசிராப்டர், நிஜத்தில் வான்கோழி அளவு. வால் நுனி வரை நீட்டினால் 2 மீட்டர், எடை ஏறத்தாழ 20 கிலோ. 1923இல் மங்கோலியாவில் அதன் எலும்புகள் கிடைத்தன. நாவலிலும் படத்திலும் நடமாடுவது உண்மையில் அதன் பெரிய உறவான டைனோனிகஸ். 1969இல் அதை விவரித்த யேல் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜான் ஆஸ்ட்ரமிடம் கிரைட்டன் விவரங்கள் கேட்டிருந்தார். வெலாசிராப்டர் என்ற பெயரே கேட்க எடுப்பாக இருக்கிறது என்று அதை வைத்துக்கொண்டதாகப் பிற்பாடு ஆஸ்ட்ரம் சொன்னார். இரண்டையும் ஒரே இனமாகச் சேர்த்து கிரெகரி பால் 1988இல் எழுதிய நூலும் அதற்கு வசதியாக இருந்தது. ஆக, முதல் மாற்றத்தைச் செய்தது நாவலாசிரியர். படம் அதை இன்னும் ஊதிப் பெரிதாக்கியது. வெலாசிராப்டரின் முன்கை எலும்பில் இறகுகள் பதிந்த முட்டுகள் இருப்பது 2007இல் தெரியவந்தது. திரையில் இன்றும் அதற்குப் பல்லித் தோல்தான்.

டைலோஃபோசரஸ் எதிர்த்திசையில் போனது. நிஜத்தில் 6 மீட்டர் நீளத்துக்கு மேல் வளரும் வேட்டை விலங்கு. நாவலில் கிரைட்டன் அதற்கு விஷம் துப்பும் பழக்கத்தைக் கற்பனையாகத் தந்தார். ராப்டரோடு குழம்பிவிடாதிருக்கப் படக்குழு அதை ஒரு நாய் அளவுக்குச் சுருக்கி, கழுத்தில் விரியும் விசிறித் தோலைச் சேர்த்தது. அந்த விசிறிக்குப் புதைபடிவச் சான்று எதுவும் கிடையாது. ஆனால் இன்று எந்தப் பள்ளிப் பிள்ளையிடம் கேட்டாலும் அதை விசிறியோடுதான் வரைந்து காட்டும். கற்பனைக்கு இத்தனை வலு இருக்கும்போது, அதைச் செய்பவரின் பொறுப்பும் சிறியதாக இருக்க முடியாது. 2015இல் வந்த ‘ஜுராசிக் வேர்ல்ட்’ இதை ஒப்புக்கொள்ளவும் செய்கிறது. வேறு விலங்குகளின் மரபணுவால் இடைவெளிகளை நிரப்பிய உயிர்கள் இவை, கலப்பில்லாமல் வளர்த்திருந்தால் பலவற்றின் தோற்றமே வேறாக இருந்திருக்கும் என்று அதில் மரபியலாளர் ஹென்றி வூ சொல்கிறார். நாவலில் ராப்டர்களிடம் செத்துப்போன வூ, படத்தில் பிழைத்ததால்தான் இருபத்திரண்டு ஆண்டு கழித்து வந்து இதைச் சொல்ல முடிந்தது.

மனிதர்களில் அதிகம் மாறியவர் பூங்காவின் முதலாளி ஜான் ஹாம்மண்ட். நாவலில் அவர் கறாரான வியாபாரி. பேரப் பிள்ளைகள் காட்டில் காணாமல் போயிருக்கும்போதுகூட, தப்பெல்லாம் வேலைக்காரர்களுடையது, அடுத்த பூங்காவைச் சரியாகக் கட்டிவிடலாம் என்று யோசித்துக்கொண்டே நடக்கிறார். சரிவில் விழுந்து கணுக்கால் பிசக, கோழி அளவேயுள்ள சின்னஞ்சிறு டைனோசர்கள் கூட்டமாக வந்து அவரைத் தின்றுவிடுகின்றன. படத்தில் அந்த வேடம் ரிச்சர்ட் ஆட்டன்பரோவுக்குப் போனது. இந்தியருக்கு அவர் ‘காந்தி’யை இயக்கியவர். வெள்ளைத் தாடி, கனிவான சிரிப்பு, ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி தன் இளமைக்காலத் தெள்ளுப்பூச்சி சர்க்கஸைப் பற்றி ஏக்கத்தோடு பேசும் தாத்தா. கடைசியில் அவரும் ஹெலிகாப்டரில் ஏறிப் பத்திரமாகப் போகிறார்.

இந்த மாற்றத்தை மட்டும் மன்னிக்க முடியவில்லை. நாவல் ஒரு மனிதனைச் சுட்டிக்காட்டி, இவனுடைய பேராசையால் இத்தனை பேர் செத்தார்கள் என்கிறது. படம் அதே கைவிரலை இயற்கையின் பக்கம் திருப்பிவிடுகிறது. யாரும் குற்றவாளி இல்லை, நல்லெண்ணம் கொண்ட ஒரு கிழவரின் கனவு கைமீறிவிட்டது, அவ்வளவுதான். பழி சுமக்க ஒருவர் வேண்டுமே என்று வக்கீல் ஜென்னரோவைப் பிடித்தார்கள். நாவலில் ராப்டரோடு மல்லுக்கட்டிப் பிழைக்கும் அந்த மனிதர், படத்தில் குழந்தைகளை விட்டுவிட்டுக் கழிவறைக்குள் ஒளிந்து டி. ரெக்ஸுக்கு இரையாகிறார். த.ரா.சு. சொன்ன சொல் இங்கே அப்படியே பொருந்தும். நாகத்தின் படம் இருக்கிறது, விஷம் எடுக்கப்பட்டுவிட்டது.

குழந்தைகள் விஷயத்தில் நேர்மாறு. நாவலில் டிம் மூத்தவன், டைனோசரும் தெரியும், கணினியும் தெரியும். தங்கை லெக்ஸ் சின்னப் பெண், பெரும்பாலும் அழுதுகொண்டிருப்பாள். படம் வயதை மாற்றி, கணினியை அக்கா லெக்ஸிடம் கொடுத்தது. டைனோசர் தம்பியிடம் இருந்தது. பெண் பிள்ளை கணினி முன் உட்கார்ந்து எல்லாரையும் காப்பாற்றும் காட்சி 1993இல் சின்ன விஷயம் அல்ல. பிள்ளைகளோடு நாவலில் சுலபமாகப் பழகும் கிராண்ட், படத்தில் அவர்களைக் கண்டாலே ஒதுங்குபவர். அதனால் மரக்கிளையில் இருவரையும் அணைத்தபடி தூங்கும் இரவுக்கு ஒரு பயணத்தின் முடிவு கிடைத்தது.

எல்லா மாற்றங்களுக்கும் மேலானது டி. ரெக்ஸ். நாவலின் முடிவுப் பகுதியில் ராப்டர்களைக் கிராண்ட் தன் மூளையால் ஒழிக்கிறார், முட்டைகளுக்குள் விஷம் ஏற்றி உருட்டிவிட்டு. படத்தில் எல்லாரும் ராப்டர்களிடம் மாட்டிக்கொண்ட கணத்தில் டி. ரெக்ஸ் எங்கிருந்தோ வந்து அவற்றைக் கடித்துக் குதறுகிறது. முதலில் யோசித்த முடிவில் இது இல்லை. படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போது, இந்த விலங்கைத்தான் மக்கள் மறுபடி பார்க்க ஆசைப்படுவார்கள் என்று உணர்ந்து ஸ்பீல்பெர்க் மாற்றினார். 2 மணி 7 நிமிடப் படத்தில் டைனோசர்கள் தெரிவது ஏறத்தாழ 15 நிமிடம்தான். அதற்குள் ஒரு நட்சத்திரம் பிறந்துவிட்டது. பாதிப் படத்தில் வக்கீலை விழுங்கிய விலங்கு, கடைசியில் நாயகர்களைக் காக்க வருகிறது, கூரையிலிருந்து பதாகை விழ, இசை எழும்ப உறுமுகிறது. ‘காயத்ரி’யிலிருந்து ‘ப்ரியா’வுக்கு ரஜினி கடந்த தூரத்தை, டி. ரெக்ஸ் ஒரே படத்துக்குள் கடந்துவிட்டது.

சுஜாதாவிடம் உயிரில்லாத ஒரு விலங்கு இருந்தது. 1980களில் ஆனந்த விகடனில் வந்த ‘என் இனிய இயந்திரா’வின் ஜீனோ. சர்வாதிகாரி ஜீவா ஆளும் எதிர்கால இந்தியாவில், நிலா என்ற பெண்ணின் கூடவே வரும் இயந்திர நாய். அது கடிப்பதில்லை, துரத்துவதில்லை. புத்தகம் படிக்கிறது, படித்ததைப் பற்றிக் கேள்வி கேட்கிறது, மெல்ல மெல்ல எஜமானர்களைவிட நல்ல மனம் கொண்டதாகிறது. இயந்திரத்தைத் திறந்து பார்த்துப் பழகிய ஒருவர்தான் அதை இவ்வளவு அண்மையாக, பயமில்லாமல் எழுதியிருக்க முடியும். தூர்தர்ஷனில் அது தொடராக வந்தபோதும் மக்கள் நினைவில் நின்றது நாய்தான்.

ஷங்கரின் ‘எந்திரன்’ அந்த நாவலின் திரைவடிவம் அல்ல. ஆனாலும் வசனத்தில் சுஜாதாவின் பங்கிருக்கிறது. 2008 பிப்ரவரி 27இல் அவர் காலமான பிறகு மதன் கார்க்கி அந்தப் பணியில் சேர்ந்தார். 2010இல் வந்த படத்தில் சிட்டி என்ற மனித இயந்திரத்துக்கு ரஜினியின் முகம். ஜீனோவின் அளவுக்கு அடங்கிய இயந்திரம் ஒன்று அந்த முகத்தோடு இருக்க முடியாது. அது நூறாகப் பெருகியது, உருண்டையானது, பாம்பானது, பூதமாக எழுந்தது. அந்த இயந்திர உடம்புகளைச் செய்துகொடுத்தவர்களில் ஸ்டான் வின்ஸ்டனின் பட்டறையிலிருந்து வந்த லெகசி எஃபெக்ட்ஸ் குழுவினரும் உண்டு. ‘ஜுராசிக் பார்க்’குக்கு முழு அளவு டி. ரெக்ஸை இரும்பும் ரப்பரும் ஹைட்ராலிக்கும் கொண்டு கட்டிய பட்டறை அது. வின்ஸ்டனும் அதே 2008இல், ஜூன் மாதம், இறந்தார்.

படத்தின் கடைசியில் 2030ஆம் ஆண்டு. அருங்காட்சியகத்தில் பாகம் பாகமாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது சிட்டி. பார்க்க வந்த பள்ளிச் சிறுமி, இதை ஏன் பிரித்துவிட்டார்கள் என்று கேட்கிறாள். கூட்டிவந்தவர் பதில் சொல்லுமுன், உடம்பில்லாத அந்தத் தலையே, தான் சிந்திக்கத் தொடங்கிவிட்டதால் என்று சொல்கிறது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடிய சண்டையும் பாட்டும் முடிந்து, ரஜினியின் முகத்தோடு அங்கே பேசிக்கொண்டிருப்பது ஜீனோ.